வலிப்பு வந்தவர் கையில் சாவி: ஒரு பனியன் கம்பெனியில் நடந்தது

திருப்பூரில் உள்ள ஓர் ஏற்றுமதிப் பனியன் நிறுவனத்தில் 2023-இல் நடந்த மூன்று நிகழ்வுகளையும், அவற்றுக்கிடையே எடுத்த முடிவுகளையும் இங்கே பதிவு செய்கிறேன். அந்த நிறுவனத்துக்கு வாரந்தோறும் சென்று தொழிலாளர்களைப் பார்க்கும் மருத்துவர் நான். சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். வலிப்புக்கு என்ன முதலுதவி என்பது எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். அந்த அறிவு நானூறு பேர் வேலை செய்யும் கூடத்துக்குள் எப்படிப் போனது, எங்கே நின்றுபோனது, எங்கே வேறொன்றாக மாறியது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

பின்னணி

கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எல்லாப் பிரிவும் ஒரே வளாகத்தில் இயங்கும் நிறுவனம் அது. தொழிலாளர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். தென் மாவட்டங்களிலிருந்து வந்த பெண்கள் நிறுவனத்தின் விடுதியில் தங்குகிறார்கள். காலை எட்டரைக்கு ஏறினால் இரவு எட்டு மணிக்கு இறங்கும் 'ஒன்றரை ஷிப்ட்' திருப்பூரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஷிப்மென்ட் நெருங்கினால் அதுவும் நீளும்.

அப்போது நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. பெட்டிகள் இருந்தன, சான்றிதழ் பெற்றவர்களும் இருந்தார்கள். ஆனால் ஒருவர் டைம் ஆபீசில், ஒருவர் ஸ்டோரில், ஒருவர் அக்கவுன்ட்ஸில். தையல் லைனில் ஒருவரும் இல்லை. டைம் ஆபீஸ் சுவரில் பெரிய முதலுதவிப் படம் ஒன்று ஒட்டியிருந்தது. வலிப்புக்கான கட்டத்தில் ஒரு சாவிக்கொத்தை வரைந்து, குறுக்கே சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, 'இரும்புப் பொருட்களைக் கொடுக்கக் கூடாது' என்று எழுதியிருந்தார்கள். இந்தப் படத்தைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

முதல் நிகழ்வுக்கு ஆளான பெண்ணுக்கு 23 வயது. தென் மாவட்டம் ஒன்றைச் சேர்ந்தவர், செக்கிங் பிரிவில் வேலை. பள்ளியில் படிக்கும்போதே வலிப்பு தொடங்கியது. ஊர்ப் பக்கத்து அரசு மருத்துவமனையில் மாதாமாதம் கார்பமசெபின் மாத்திரை வாங்கி வந்தார். இரண்டு ஆண்டுகளாக ஒரு வலிப்பும் இல்லை. நிறுவனத்தில் யாரிடமும் சொல்லவில்லை, அறைத்தோழி ஒருத்திக்கு மட்டும் தெரியும். முன்பு வேலை பார்த்த மில்லில், விஷயம் தெரிந்த வாரமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள் என்பது ஒரு காரணம். வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம். மாத்திரைப் பட்டையைப் பவுடர் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டு, விளக்கணைத்த பிறகு விழுங்குவார்.

முதல் நிகழ்வு

ஷிப்மென்ட் வாரம். தொடர்ந்து மூன்று நாள் இரவு பத்து மணி வரை வேலை. ஊருக்குப் போய் மாத்திரை வாங்கிவர விடுப்புக் கேட்டிருக்கிறார், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மாத்திரை தீர்ந்து நாலாவது நாள் அது. தூக்கக் குறைவும் மாத்திரை விடுபட்டதும் சேர்ந்தால் அடங்கியிருந்த வலிப்பு திரும்புவதில் வியப்பில்லை.

மாலை ஆறரை மணி வாக்கில், செக்கிங் மேசை முன் நின்று நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவர் ஒரு சத்தம் போட்டுவிட்டு விழுந்தார். வலது கையில் டிரிம்மர், அதாவது நூல் வெட்டும் சிறு கத்தரி, இருந்தது. உடம்பு விறைத்து, பிறகு வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்து மேசையில் இருந்த அக்கா ஒருவர் "சாவியக் குடுங்க, ஆராச்சும் சாவி இருந்தா குடுங்க" என்று கத்தினார். அதன் பிறகு கூடம் முழுக்கச் சாவி தேடும் வேலை நடந்தது. சூப்பர்வைசரின் பைக் சாவி வந்தது. போதாதென்று மெக்கானிக் ஒரு ஸ்பேனரோடு ஓடிவந்தார். பீகார்ப் பையன் ஒருவர் தன் செருப்பைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனார். அவரை மற்றவர்கள் திட்டித் தள்ளினார்கள். இரண்டு ஆண்கள் கால்களை அழுத்திப் பிடித்தார்கள். ஒருவர் பாட்டில் தண்ணீரை முகத்தில் கொட்டினார்.

வலது கையில் இருந்த டிரிம்மரை யாரும் எடுக்கவில்லை. பிறகு கேட்டபோது ஒருவர் சொன்னார்: "அதுவும் இரும்புதானுங்களே, இருக்கட்டும்னு விட்டுட்டோம்." விறைப்பில் விரல்கள் இறுக மூடும். மூடிய கைக்குள் இருந்த டிரிம்மரின் முனை உள்ளங்கையைக் கிழித்தது. தையல் போட வேண்டிய அளவுக்குக் காயம். அன்று அந்தப் பெண்ணுக்கு ஏற்பட்ட ஒரே நிலையான சேதம் அதுதான், அதுவும் வலிப்பால் மட்டும் வந்ததல்ல.

எவ்வளவு நேரம் இழுத்தது என்று மறுநாள் கேட்டேன். பத்து நிமிடம் என்றார்கள். கால் மணி நேரம் என்று அடித்துச் சொன்னவரும் உண்டு. அந்தப் பெண்ணின் அனுமதியோடு கண்காணிப்புக் கேமராப் பதிவை மேலாளரும் நானும் பார்த்தோம். விழுந்ததிலிருந்து உடம்பு தளர்ந்தது வரை இரண்டு நிமிடம்கூட இல்லை. பைக் சாவி இடது கைக்குள் போனது அதன் பின்பாதியில். சாவி போன சற்று நேரத்தில் வெட்டு நின்றது. சுற்றி நின்றவர்கள் கண்ட காட்சி இதுதான்: சாவி கொடுத்தார்கள், நின்றது.

விசாரித்தபோது தெரிந்தவை

உடனே வகுப்பு எடுத்துவிடலாம் என்று நிர்வாகம் சொன்னது. கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். நிறுவனத்தின் நர்ஸும் நானும் டீ நேரத்தில் ஒவ்வொருவராகப் பிடித்து மூன்று கேள்விகள் கேட்டோம். வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும்? அதை எங்கே கற்றீர்கள்? அது பலிக்காமல் போனதைப் பார்த்ததுண்டா?

முதல் கேள்விக்கு எதிர்பார்த்த பதில்தான். இரண்டாவது கேள்விக்கு வந்த பதிலில்தான் விஷயம் இருந்தது. "சொல்லிக் கேட்டேன்" என்றவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலோர் "பாத்திருக்கேனுங்க" என்றார்கள். பஸ் ஸ்டாண்டில், கோயில் கூட்டத்தில், பள்ளிப் பிரேயரில், சினிமாவில். ஒருவர் ஏழு வயதில் சந்தையில் பார்த்ததை, விழுந்த ஆளின் சட்டை நிறம் உட்படச் சொன்னார். அந்தப் பக்கம் டைம் ஆபீஸ் படத்தைத் தினமும் கடந்து போகிறவர்களிடம் அதில் என்ன இருக்கிறது என்று கேட்டோம். பலருக்கு நினைவே இல்லை. நினைவிருந்தவர்களில் சிலர் சொன்னது: "ஆமாங்க, அதுல சாவி படம்கூடப் போட்டிருக்குமே." பெருக்கல் குறி மனதில் நிற்கவில்லை, சாவி நின்றுவிட்டது. மறுக்கப் போட்ட படம் சாட்சியாக மாறியிருந்தது.

வடமாநிலத் தொழிலாளர்களிடம் இன்னொன்று தெரிந்தது. புதிதாக வந்தவர்கள் செருப்பை மோப்பம் காட்ட வேண்டும் என்றார்கள், சிலர் வெங்காயம் என்றார்கள். ஐந்தாறு ஆண்டு திருப்பூரில் இருந்தவர்களோ சாவி என்றார்கள். ஊரில் செருப்பு காட்டுவார்கள், இங்கே சாவிதான் என்று ஒருவர் ஏதோ இடத்துக்கு இடம் மாறும் சட்டம்போலச் சொன்னார். தமிழ் சரளமாக வராத ஒருவருக்கும் சாவி வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு மொழி தேவைப்படவில்லை. எங்கள் சுவர்ப்படத்துக்குத் தேவைப்பட்டது.

மூன்றாவது கேள்விக்கு, பலிக்காமல் போனதைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை.

சாவி ஏன் தோற்பதில்லை

உடம்பு முழுதும் இழுக்கும் வலிப்பு பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். மூளை நரம்பணுக்கள் கட்டுக்கடங்காமல் ஒருசேரத் தூண்டப்படுவதால் வருவது அது. அந்தத் தூண்டலை அடக்கும் வழிமுறையும் மூளைக்குள்ளேயே உண்டு. விழுந்தவரைப் பார்த்து, அதிர்ந்து, கத்தி, சாவி தேடி, கொண்டுவந்து கையில் திணிப்பதற்கு ஒரு நிமிடமாவது ஆகும். ஆகவே சாவி எப்போதும் வலிப்பு முடியப்போகும் நேரத்தில்தான் வந்து சேர்கிறது. விறைத்த விரல்கள் சாவியை இறுகப் பற்றுவது, இரும்பை அந்த உடம்பு பிடித்து இழுத்துக்கொண்டதுபோலத் தெரியும். தசை தளர்ந்ததும் சாவி கையிலிருந்து விழும், வேலை முடிந்து விழுந்ததுபோல. சாவி கிடைக்காமலே நின்றுபோன வலிப்பைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

இதற்கு அடியில் பழைய மண்ணும் இருக்கிறது. பச்சிளம் குழந்தையின் தலைமாட்டில் இரும்புத் துண்டு வைப்பதும், வயதுக்கு வந்த பெண்ணை வெளியே அனுப்பும்போது கையில் இரும்பு கொடுப்பதும், ராத்திரியில் கறிச்சோறு கொண்டுபோகும்போது கரித்துண்டோ ஆணியோ போடுவதும் நம் வீடுகளில் நடப்பவை. காத்து கருப்பு அண்டாமல் இரும்பு காக்கும் என்ற எண்ணத்தை இன்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சாவிக்கு இப்போது "கரண்ட்ட இழுத்துரும்" என்று விளக்கம் சொல்கிறார்கள். மூளையில் நடப்பது மின்தூண்டல் என்று எங்கோ காதில் விழுந்த அரைகுறை அறிவியல், பழைய இரும்போடு ஒட்டிக்கொண்டு அதைப் புதுப்பித்திருக்கிறது. பேக்கிங்கில் இருந்த ஒரு டிப்ளமா படித்த பையன் 'எர்த் பண்ணுறது' என்றே விளக்கினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கண்முன்னே ஒருவர் துடிக்கும்போது சும்மா நிற்க யாராலும் முடியாது. சாவி கொடுப்பது கைக்கு ஒரு வேலை. 'கொடுக்காதே' என்பது கைக்கு வேலை தருவதில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு அந்தப் பெண்ணின் வேலையைப் பற்றியது. "கொஞ்ச நாள் வீட்டுல இருந்து உடம்பப் பாத்துக்கட்டும்" என்று மேலாளர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். வீட்டுக்கு அனுப்பினால் அடுத்தவர் யாரும் தன் நோயைச் சொல்லமாட்டார் என்பதை எடுத்துச் சொன்னோம். உரிய மருந்து சரியாகக் கிடைத்தால் வலிப்பு நோயாளிகளில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. இவருக்கு இரண்டு ஆண்டு வராமல் இருந்ததே அதற்குச் சான்று. செக்கிங்கிலேயே தொடரலாம், ஒரு ஷிப்ட் மட்டும், அயர்னிங் பக்கமும் கட்டிங் பக்கமும் மாற்றக் கூடாது, மாத்திரை திருப்பூர் அரசு மருத்துவமனையிலேயே வாங்கிக்கொள்ள ஏற்பாடு என்று முடிவானது. ஒரு ஷிப்ட் என்றால் சம்பளம் குறையும். அந்தக் குறைவை நிறுவனம் ஈடுகட்டவில்லை. அது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை.

இரண்டாவது, யாருக்குச் சொல்லித்தருவது. எல்லோரையும் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசுவது நிர்வாகத்தின் விருப்பம். பதிவில் முதலில் ஓடிவந்தவர்கள் யார் என்று பார்த்தால், சூப்பர்வைசர் யாரும் அவர்களில் இல்லை. செக்கிங்கின் மூத்த அக்கா, ஓர் ஓவர்லாக் டெய்லர், டெய்லர்களுக்குத் துணி மடித்துக்கொடுக்கும் கைமடி வேலை செய்யும் இரண்டு பெண்கள், மெக்கானிக். எந்தக் கூட்டத்திலும் ஏதாவது நடந்தால் மற்றவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆட்கள் உண்டு. ஒவ்வொரு லைனிலும் "உங்க லைன்ல ஏதாவதுன்னா யாரைக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டு, வந்த பெயர்களை எடுத்துக்கொண்டோம். 'சாவியக் குடுங்க' என்று முதலில் கத்திய அக்காவும் அந்தப் பட்டியலில் இருந்தார், வேண்டுமென்றே சேர்த்தோம்.

மூன்றாவது முடிவில் நர்ஸும் நானும் முரண்பட்டோம். சாவி தவறு என்று எடுத்த எடுப்பில் சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. "தப்புன்னு தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா சார்?" என்று கேட்டார். அவர் கேட்டது சரியான கேள்வி. சாவி தன்னளவில் பெரிய கேடு செய்வதில்லை. அதைத் தேடும் நேரத்தில் செய்ய வேண்டியது விடுபடுவதும், மூடிய விரலை நெம்பித் திறப்பதும், கூர்மையான இரும்பைக் கொடுப்பதும்தான் கேடு. எனவே கூர்மையானவற்றை எடுத்துவிட வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பதில்லை, சாவியைப் பற்றி அவர்களாகக் கேட்டால் மட்டும் பேசுவது என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். கேட்டால் சொல்ல ஒரு பதிலும் வைத்திருந்தோம்: "குடுக்கறதுன்னா குடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி மணி பாருங்க."

பயிற்சி

பேச்சு இல்லை. கட்டிங் டேபிளுக்குப் பக்கத்தில் தரையில் துணி விரித்து, ஒருவர் விழுந்தவராகப் படுக்க, மற்றவர் செய்து பார்க்க வேண்டும். கையிலும் பக்கத்திலும் கத்தரி, டிரிம்மர் இருந்தால் அப்புறப்படுத்துவது. தலைக்கடியில் கைக்குக் கிடைக்கும் பீஸ் கட்டை வைப்பது, பனியன் கம்பெனியில் அதற்குப் பஞ்சமில்லை. கழுத்துப் பட்டனைத் தளர்த்துவது. செல்போனில் ஸ்டாப்வாட்ச் போடுவது. ஒருக்களித்துப் படுக்க வைப்பது, எச்சிலும் நுரையும் தொண்டைக்குள் போகாமல் வெளியே வழியும்படி. கைகாலை அழுத்திப் பிடிக்காமல் இருப்பது, வாயில் எதையும் வைக்காமல் இருப்பது, முழு நினைவு வரும்வரை தண்ணீர் கொடுக்காமல் இருப்பது. ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தாலோ, முதல்முறை வந்தவராக இருந்தாலோ, அடிபட்டிருந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ 108.

ஐந்து நிமிடம் என்பது எங்கள் கண்டுபிடிப்பல்ல. வலிப்பு நோய்க்கு எதிரான சர்வதேசக் கழகம் 2015-இல் வெளியிட்ட வரையறைப்படி, முழு உடல் வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் தானாக நிற்கும் வாய்ப்புக் குறைந்துவிட்டது என்று கொண்டு சிகிச்சை தொடங்க வேண்டும். அரை மணி தாண்டினால் மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு ஏற்படக்கூடும்.

எதிர்பார்த்தபடியே அந்த அக்காதான் கேட்டார்: "இதெல்லாம் சரீங்க சார். சாவி குடுத்தா நின்னு போயிருதுங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?" மணி பார்க்கும் பதிலைச் சொன்னோம். அவர் ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வைப்பதை மட்டும் அன்று எல்லோரையும்விட நேர்த்தியாகச் செய்தார். இந்தியும் ஒடியாவும் பேசுபவர்களுக்குத் தனி வகுப்பு வைக்காமல், அவர்களில் இருவரை முதல் சுற்றிலேயே சேர்த்து, அவர்கள் கையாலேயே மற்றவர்களுக்குச் செய்துகாட்ட வைத்தோம்.

இரண்டாம் நிகழ்வு

இரண்டு மாதம் கழித்து பேக்கிங் பிரிவில், பீகாரைச் சேர்ந்த 20 வயது இளைஞர் ஒருவருக்கு வலிப்பு வந்தது. வாழ்க்கையில் அதுவே முதல் முறை. பயிற்சி பெற்ற இருவர் அருகில் இருந்தார்கள். அட்டைப்பெட்டிகளை நகர்த்தினார்கள், ஒருவர் போனில் நேரம் போட்டார், ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். யாரும் காலைப் பிடிக்கவில்லை. முதல்முறை என்பதால் 108-க்கு அழைத்தார்கள். போனில் காட்டிய நேரம் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்.

நடுவில் ஒருவர் சாவியும் கொடுத்தார். கொடுத்தது தமிழர் அல்ல, ஆறு ஆண்டாகத் திருப்பூரில் இருக்கும் ஒடிசாக்காரர்.

ஸ்கேனில் அந்த இளைஞரின் மூளையில் நாடாப்புழுவின் இளம்புழு தங்கிய கட்டி தெரிந்தது. இந்தியாவில் வலிப்புக்கு அடிக்கடி காணப்படும் காரணங்களில் ஒன்று இது. இந்தச் செய்தி கூடத்துக்கு எட்டியதும் "பன்றிக்கறி தின்னா வர்றது" என்று ஒரு புதுப் பேச்சு கிளம்பியது. அந்த இளைஞர் சைவம். புழுவைத் தாங்கிய மனிதரின் மலத்தில் வெளிவரும் முட்டைகள் அழுக்குக் கையாலோ கழுவாத காய்கறியாலோ குடிநீராலோ இன்னொருவர் வயிற்றுக்குள் போவதால்தான் மூளைக்கு வருகிறது. கறி சாப்பிட்டு வருவது குடலில் வாழும் புழு, அது வேறு. இதை அவரே தன் அறைக்காரர்களுக்கு விளக்கினார், அவர் விளக்கியதால் எடுபட்டது. அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்று மூன்று வாரத்தில் வேலைக்குத் திரும்பினார்.

அந்த நிகழ்வின் மறுநாள் பேக்கிங்கில் ஒரு வாக்குவாதம் நடந்ததாகச் சொன்னார்கள். நேரம் பார்த்தவர், "சாவி குடுக்கறதுக்கு முன்னாடியே வெட்டு குறைஞ்சிருச்சு, நான் போனப் பாத்துட்டே இருந்தேன்" என்றிருக்கிறார். சாவிக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் சாவியைப் பற்றி அந்தக் கூடத்தில் முதன்முதலாக யாரோ கணக்கு வைத்துப் பேசியிருக்கிறார்கள். நாங்கள் எடுத்துச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது.

மூன்றாம் கைக்குப் போன செய்தி

அடுத்த நிகழ்வு அதே நிறுவனத்தின் இன்னொரு விடுதியில் நடந்தது. பயிற்சி அங்கே போகவில்லை, செய்தி மட்டும் போயிருந்தது. இரவு ஒரு பெண்ணுக்கு வலிப்பு வந்தபோது, அறையில் இருந்த நால்வரும் சுவரோடு ஒதுங்கி நின்று, போனில் நேரம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மல்லாந்து கிடந்தார். வாயில் நுரை. ஒருவரும் தொடவில்லை. வார்டன் ஓடிவந்து கேட்டதற்கு, "அஞ்சு நிமிஷம் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காங்க மேடம்" என்று பதில் வந்தது. நல்லவேளையாக வலிப்பு நின்று, அவரே புரண்டு படுத்தார். வேறு பாதிப்பு இல்லை.

எப்படி இது வந்தது என்று பின்னோக்கிப் போனோம். பயிற்சியில் இருந்த ஒரு கைமடிப் பெண் தன் தோழியிடம் சொன்னது: கைகாலைப் பிடிக்கக் கூடாது, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், அஞ்சு நிமிஷம் தாண்டினா 108. அந்தத் தோழி பஸ்ஸில் இன்னொருவரிடம் சொன்னது: பிடிக்கக் கூடாது, அஞ்சு நிமிஷம் பாக்கணும். விடுதிக்குப் போனபோது: அஞ்சு நிமிஷம் தொடக் கூடாது. மூன்று கை மாறியதில் எண் அப்படியே தப்பித்தது. தடை பெருத்தது. ஒருக்களித்துப் படுக்க வைப்பது, அதாவது உயிருக்கு முக்கியமானது, வழியில் உதிர்ந்துவிட்டது. ஏனென்றால் அது பார்த்துச் செய்ய வேண்டியது, பஸ்ஸில் நின்றுகொண்டு வாயால் சொன்னால் ஏறாது. சாவி பல தலைமுறை தாண்டி மாறாமல் வந்திருப்பதும் அது பார்த்துக் கற்றது என்பதால்தான்.

அந்த வாரமே விடுதியில் பாய் விரித்துச் செய்துகாட்டினோம். சொல்லும் வரிசையையும் மாற்றினோம். பயிற்சியில் கைவேலைகளுக்கு நடுவே நேரம் வந்ததால், திருப்பிச் சொல்பவர்கள் நேரத்தை முதலில் பிடித்துக்கொண்டார்கள். இப்போது கூர்மையானதை எடுத்த கையோடு ஒருக்களிப்பது, தலைக்கு மெத்தென்று ஏதாவது வைப்பது, அதற்குப் பிறகே மணி பார்ப்பது. 'பிடிக்காதே' என்பதைத் தனியாகச் சொல்வதை விட்டுவிட்டு, தோளிலும் இடுப்பிலும் கை வைத்து எப்படிப் புரட்டுவது என்பதை மட்டும் காட்டுகிறோம்.

ஆறு மாதம் கழித்து

செக்கிங் பெண்ணுக்கு மறுபடி வலிப்பு வரவில்லை. மாத்திரையை இப்போது விடுதியில் எல்லோர் முன்னாலும் போட்டுக்கொள்கிறார். பெண் பார்க்க வந்த இடத்தில் அவரே சொல்லிவிட்டார், அந்த இடம் அமையவில்லை. வலிப்பு நோயைத் திருமணத்தை ரத்து செய்யக் காரணமாகக் காட்ட இடம் கொடுத்த விதியை இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து 1999-இலேயே நீக்கிவிட்டார்கள். இந்தச் செய்தி அவர் ஊருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. இவர் வெளியே சொன்ன பிறகு வேறு மூன்று பேர் தங்களுக்கும் வலிப்பு உண்டு என்று என்னிடம் வந்தார்கள். ஒருவர் ஓவர்லாக் மெஷினில் பன்னிரண்டு ஆண்டாக வேலை செய்பவர்.

அதே மூன்று கேள்விகளை மறுபடி கேட்டுப் பார்த்தோம். சாவி போய்விடவில்லை. "ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், சாவியும் குடுக்கலாம்" என்பதுதான் இப்போது அதிகம் வரும் பதில். பழையதை இடித்துவிட்டுப் புதியது குடியேறும் என்று நாங்கள் நினைத்திருந்தால் இது தோல்வி. காயமில்லாமல் ஒருவர் எழுந்திருக்க வேண்டும் என்பதே கணக்கு என்றால் இது போதும். நர்ஸுக்கு இதில் இன்னும் திருப்தியில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

பயிற்சி தொடங்கும் நாளிலேயே விடுதிகளிலும் செய்துகாட்ட வேண்டும். நிறுவனக் கூடத்தைவிட விடுதி அறையில்தான் செய்தி வேகமாகக் கை மாறுகிறது.

பனியன் கம்பெனியில் ஆட்கள் நிலைத்து நிற்பதில்லை. தீபாவளி போனஸ் வாங்கியதும் கம்பெனி மாறுவது இங்கே வழக்கம். பயிற்சி பெற்றவர்களில் கணிசமானோர் இப்போது வேறெங்கோ வேலை செய்கிறார்கள். போன இடத்துக்கு அதைக் கொண்டுபோயிருப்பார்கள் என்றாலும், இங்கே அந்த லைன்கள் காலியாக நிற்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை பெரிய வகுப்பு வைப்பதைவிட, மாதம் ஒருமுறை டீ நேரத்தில் பத்து நிமிடம் ஒரு லைன் முன்னால் செய்துகாட்டுவது மேல் என்று பரிந்துரைத்திருக்கிறோம். செய்துகாட்டுவது நான் அல்ல, அந்த அக்கா. அவரும் சம்மதித்திருக்கிறார். சாவியைப் பற்றி யாராவது கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று கேட்டதற்கு, "மணி பாருன்னு சொல்லுவேன்" என்றார்.

மாத்திரைக்காக ஊருக்குப் போக விடுப்புக் கேட்கும் ஒருவரை, காரணம் கேட்காமல் ஒருநாள் அனுப்பும் வழிமுறை தேவை. முதல் நிகழ்வு அங்கேதான் தொடங்கியது. நிர்வாகம் இதற்கு இன்னும் எழுத்தில் ஒப்புக்கொள்ளவில்லை.

டைம் ஆபீஸ் சுவரிலிருந்த படத்தை எடுத்துவிட்டோம். புதிய படத்தில் சாவி இல்லை, பெருக்கல் குறியும் இல்லை. ஒருக்களித்துப் படுத்த ஒரு பெண், தலைக்கடியில் பீஸ் கட்டு, பக்கத்தில் நேரம் ஓடும் போன். எழுத்து தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் ஒவ்வொரு வரி. செக்கிங் மேசைகளுக்கு எதிரே ஒட்டலாம் என்பது எங்கள் யோசனை. பையர் ஆடிட்டுக்கு, அதாவது சரக்கு வாங்குபவர்கள் சார்பில் சோதனைக்கு, வருபவர்கள் முதலில் பார்க்கும் சுவர் அது, அங்கே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போதைக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் கை கழுவும் இடத்துக்கு மேலே இருக்கிறது.